பொன்விதி ஜோன்ஸ்: கட்சியற்ற நகரபிதா

கட்சி எதன் துணையுமின்றி நகரசபைத் தேர்தலில் நிற்கும் ஒருவர், வெற்றி பெற்றாலுந்தான், யாது செய்ய வல்லார் என்று மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் எம்மை வினவினான். வகுப்பு முடிவதற்குரிய மணி அடித்துவிட்டமையால் அன்று அவனுக்கு விடை கூறல் இயலாதாயிற்று. பழைய மாணவர் சங்கத்தார் இந்த விழா மலருக்குக் கட்டுரை வேண்டியபோது அவ்வினாவே எம் நினைவில் எழுந்தது. நகரசபைகளிலும் கிராமசபைகளிலும் அமர்ந்து அநுபவம் பெற்ற பழைய மாணவர் பலர் இதனைப் படிப்பர். எமது கருத்திற் பிழையிருப்பின் அவர்கள் பொறுத்தருளுக. விடையாக யாம் எடுத்துக்கொண்டது, அமெரிக்க நாட்டிலே ஒகையோ மாநிலத்திலுள்ள ரொலீடோ என்னும் நகரத்தின் நகரபிதாவாக ஏழாண்டு வீற்றிருந்து, பதவியிலிருக்கும்போதே உயிர்நீத்த சாமுவேல் மில்ரன் ஜோன்ஸ் என்பாரின் வரலாறாகும்.

ஜோன்ஸ் பிறப்பால் அமெரிக்கரல்லர். வேல்ஸ் நாட்டிலே பெட்கெலேட் என்னும் மலைக்கிராமத்தின் அருகே, 1846ஆம் ஆண்டு ஆவணி மாதம் 3ஆந் திகதி, ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். அவருக்கு மூன்று வயதாகும்போது பெற்றோர் பிழைப்பு நாடிக் கப்பலேறி நியூயோர்க் மாநிலத்தின் வடபாகத்திற் குடியேறினர். தந்தையார் கல்வேலை செய்தும் பிறர் நிலத்தைப் பயிரிட்டும் குடும்பத்தைக் காத்தார். சிறுவன் பள்ளிக்கூடம் சென்ற காலமனைத்தையும் கூட்டினால் ஏறக்குறைய முப்பது மாதங்களே தேறும். பத்து வயதிலே வயலிற் கூலிவேலை. அதன்பின் மரம் அரியும் ஆலை. அதன்பின் நீராவிப் படகிலே யந்திரத்துக்கு எண்ணெயிடும் வேலை. பென்சில்வேனியாவிலே நிலத்திலிருந்து எண்ணெய் பொங்குகின்றது என்ற செய்தி பரவியபோது, பத்தொன்பது வயதினராகிய ஜோன்ஸ் சட்டைப்பையிற் சில சதங்களுடன் அவ்விடம் போய்ச் சேர்ந்தார். முதலில் வேலை கிடைக்கவில்லை. வேலை தேடி அலைந்த அந்நாட்களின் நினைவு அவரைவிட்டு நீங்கவேயில்லை. பிற்காலத்தில் வேலையின்றி நகரத்துக்கு வந்தோரைக் கள்வரென்று கருதாது அவர் நடத்தியமைக்குக் காரணம் இதுவே என்று கொள்ளலாம்.

எண்ணெய்த்தொழிலில் அவர் மெல்ல மெல்ல உயர்ந்தார். 1875இல் மணம்புரிந்தார். ஒரு பெண்குழந்தையை இழந்து, 1885இல் மனைவியையும் இழந்தபின், இரு மைந்தருடன் ஒகையோவுக்கு வந்தார். அங்கே அவர் தோண்டிய கிணறுகள் செல்வத்தை வாரி வழங்கின. பிறருடன் சேர்ந்து அமைத்த எண்ணெய்க் கம்பனி 1889இல் பெரிய ஸ்ராண்டேட் கம்பனியின் கைக்கு மாறியபோது ஜோன்ஸ் பெருந்தனவந்தராயினார். 1892இல் மறுமணஞ் செய்து ரொலீடோ நகரிற் குடியேறினார்.

எண்ணெய்க் கிணற்றின் அடியிலுள்ள பம்பை மேலுள்ள பொறியுடன் தொடுப்பது நீண்டதொரு தண்டு. அதுகாறும் அதனை மரத்தாற் செய்து இரும்பு மூட்டுக்களாற் பிணைத்தனர். ஜோன்ஸ் அதனை முழுவதும் இரும்பினாற் செய்யும் வழியைக் கண்டு, 1894இல் அத்தண்டுகளைச் செய்யும் தொழிற்சாலையொன்றை ரொலீடோவில் நிறுவினார். அக்காலம் அமெரிக்காவில் பெரும் பொருளாதாரத் தாழ்வு நிலவிய காலம். ஒரு நாட் கூலிக்காக நூற்றுக்கணக்கானோர் ஆலை வாயில்களிற் காத்துநின்றனர். கூலியைக் குறைத்தாலும் வேலைக்கு ஆள் கிடைக்கும் என்பதை ஆலைமுதலாளிகள் நன்கறிந்திருந்தனர். ஜோன்ஸ் மறுவழி சென்றார். அயலிலுள்ள ஆலைகள் ஒரு டொலரும் ஒன்றரை டொலரும் நாட்கூலியாகக் கொடுக்க, அவர் இரண்டு டொலர் கொடுத்தார். பத்து மணிநேர வேலையை எட்டாகக் குறைத்தார். ஆண்டுக்கொருமுறை ஒரு வாரம் சம்பளத்துடன் விடுமுறை அளித்தார். வேலைநேரத்தைக் குறிக்கக் கணக்கர் எவரையும் வைக்கவில்லை; தொழிலாளர் தத்தம் நேரத்தைத் தாமே குறித்தனர்.

ஏனைய ஆலைகளின் சுவர்களிலே தொழிலாளருக்குரிய விதிகள் நீண்ட பட்டியலாகத் தொங்கின. ஜோன்ஸின் ஆலையில் ஒரேயொரு தகரப் பலகை தொங்கியது. பிறர் நமக்கு எதனைச் செய்யவேண்டும் என்று நாம் விரும்புகின்றோமோ, அதனையே நாம் பிறருக்குச் செய்யவேண்டும் என்னும் கிறித்துவேத விதி அதில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் அதனைப் பொன்விதி என்று வழங்குவர். அதனால் அவருக்கு வந்த பெயரே பொன்விதி ஜோன்ஸ் என்பது. இன்னாசெய்யாமை என்னும் அதிகாரத்தைப் பயின்ற நம் மாணவருக்கு இக்கருத்துப் புதிதன்று. இதனை ஒருவர் தம் ஆலையின் சட்டமாக ஆணியடித்து மாட்டினாரே, அதுதான் புதுமை.

இத்தகையவர் அரசியலுள் வந்த வகை சற்று விநோதமானது. 1897இல் ரொலீடோவின் குடியரசுக் கட்சியார் தமக்குள்ளே பிளவுபட்டு, எவரை வேட்பாளராக நிறுத்துவது என்று முடிவுசெய்ய இயலாது திகைத்தனர். எப்பிரிவினருக்கும் பகையில்லாதவர், நல்லவர், அரசியலறியாதவர் என்று கருதி ஜோன்ஸைத் தேர்ந்தனர். அரசியலறியாதவர் சொற்படி நடப்பார் என்னும் நம்பிக்கையும் அத்தேர்வில் இருந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ ஐந்நூறு வாக்குக்களே மிகுதியாகப் பெற்று அவர் வென்றார்.

வென்றபின்னர் கட்சித்தலைவர்கள் தாம் செய்த தவற்றை உணரச் சில மாதங்களே சென்றன. பதவிகளைக் கட்சிக்காரருக்குப் பங்கிடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. பொலிஸ் உத்தியோகத்துக்குத் தகுதி பார்த்தே ஆளெடுக்கவேண்டும் என்றார். பொலிஸார் ஏந்திய கனத்த பொல்லுகளை நீக்கி இலேசான கைப்பிரம்புகளை வழங்கினார். நகரத்தின் கூலியாட்களுக்கு எட்டு மணிநேர வேலையும் ஒன்றரை டொலருக்குக் குறையாத நாட்கூலியும் கிடைக்க வகைசெய்தார். பாலர் வகுப்புகள், சிறுவர் விளையாட்டிடங்கள், பூங்காக்களில் இசைவிருந்து, வீடற்றோருக்கு இலவசமாகத் தங்குமிடம் என்பன அவர் முயற்சியாற் கிடைத்தன. நகரம் என்பது ஒரு பெரிய குடும்பம். குடும்பத்திலே நலிந்தவனுக்கு முதலிற் சோறிடுவது போல நகரமும் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை.

இவை யாவும் பலராலும் போற்றப்படத்தக்கன. இனிக் கூறுவன அத்தகையனவல்ல. நகரசபைக்கு அவர் அனுப்பிய ஆண்டறிக்கைகளில் வேறு சில வேண்டுகோள்களையும் வைத்தார். நகரத்துக்கு ஒளிதரும் மின்நிலையம் நகரத்துக்கே சொந்தமாதல் வேண்டும். வீதிவேலை முதலியவற்றை ஒப்பந்தகாரரிடம் விடாது நகரமே நேரில் ஆட்களை அமர்த்திச் செய்தல் வேண்டும். ஒப்பந்தகாரன் குறைந்த தொகைக்குக் கேள்விகோரிப் பெற்ற வேலையின் இலாபத்தைக் கூலியாளின் வயிற்றிலிருந்தே எடுக்கின்றான் என்பது அவர் காட்டிய நியாயம். தெருக்களிலே டிராம் ஓட்டவும் மின்கம்பி இழுக்கவும் கம்பனிகளுக்கு அளிக்கும் உரிமைகளை மக்களின் நேரடிச் சம்மதமின்றி வழங்கவோ நீட்டவோ கூடாது. தன் அரசியலமைப்பைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை நகரத்துக்கு வேண்டும்.

இங்கே மாணவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். அக்கால அமெரிக்க நகரங்களில் தெருவுரிமையே பெருஞ் செல்வம். ஒருமுறை இருபத்தைந்து ஆண்டுக்கு உரிமை பெற்ற கம்பனி, அவ்வுரிமைப் பத்திரத்தையே ஈடாகக் காட்டிப் பங்குகள் விற்றுப் பணந்திரட்டும். தண்டவாளத்தின் பெறுமதியிலும் உரிமையின் பெறுமதியே பன்மடங்கு மேலானது. அவ்வுரிமையை அளிப்பவர்கள் நகரசபை உறுப்பினர். அவ்வுறுப்பினரைத் தெரிவுசெய்பவை கட்சிகள். கட்சிகளின் தேர்தற் செலவுக்குக் கம்பனிகள் கொடுத்தன. ஆகவே ஜோன்ஸ் உரிமையைத் தொட்டபோது வண்டிக் கம்பனியை மட்டுமன்றி இரு கட்சிகளின் வேரையும் தொட்டுவிட்டார். அயல் நகரங்களாகிய டிற்ரோயிற்றில் பிங்ரீ என்பாரும், பின்னர் கிளீவ்லாந்தில் ரொம் ஜோன்சன் என்பாரும் இதே போரை நடத்தினர். அவர்களுக்கு ஒவ்வொரு கட்சி இருந்தது. ஜோன்ஸுக்கு அதுவும் விரைவில் இல்லாதாயிற்று.

1899இல் குடியரசுக் கட்சி மகாநாடு அவருக்கு மீண்டும் இடமளிக்க மறுத்தது. அவர் சுயேச்சை வேட்பாளராக நிற்பதாக அறிவித்தார். சனநாயகக் கட்சியும் தன் வேட்பாளரை நிறுத்தியது. பாதிரிமாரிற் பலர் அவர்மீது சினங்கொண்டிருந்தனர். மதுவருந்தாதவராகிய அவர் தவறணைகளை அடைக்கும் சட்டத்தை வன்மையாக நடத்தவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஏழைக்கு அதைவிட வேறு பொது இடம் இல்லாதவரை பொலிஸைக்கொண்டு அதனைப் பூட்டுவதாற் பயனில்லை என்று அவர் எண்ணினார். இதில் அவர் கருத்தை யாமும் முற்றாக ஏற்கமாட்டோம். ஆயினும் அவர் அதனை வாக்குக்காகக் கூறவில்லை என்பது தெளிவு. தேர்தற்காலத்தில், அவர் பெயரையே கொண்ட சாம் ஜோன்ஸ் என்னும் புகழ்பெற்ற பிரசங்கியார் தென்மாநிலத்திலிருந்து வந்து, ரொலீடோவிற் கூட்டங்கள் நடத்தி அவரைக் கண்டித்தார். கட்சிகளும் பத்திரிகைகளும் மேடைகளும் ஒருபுறமாக நின்றன.

வாக்குகளை எண்ணியபோது, அளிக்கப்பட்ட 24,187 வாக்குகளில் ஜோன்ஸுக்கு 16,773 கிடைத்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் பெற்றவை 4,266. சனநாயகக் கட்சியினர் பெற்றவை 3,148. நூற்றுக்கு எழுபது வீதமானோர் தம் பரம்பரைக் கட்சியைக் கைவிட்டுத் தனிமனிதர் ஒருவருக்கு வாக்களித்தனர். அவ்வாண்டிறுதியிலேயே அவர் ஒகையோ மாநில ஆளுநர் பதவிக்கும் சுயேச்சையாக நின்று, ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்று மூன்றாமவராக வந்தார். அதில் வென்றவர் நாஷ் என்னும் குடியரசுக் கட்சியினர். அவர் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

ஜோன்ஸின் செயல்களில் மிகுந்த கலகத்தை விளைத்தது நீதிமன்றத்தில் அவர் நடந்த முறையாகும். பொலிஸ் நீதவான் வராத நாட்களில் நகரபிதா அவ்வாசனத்தில் அமரலாம் என்று சட்டம் இருந்தது. ஜோன்ஸ் அமர்ந்த நாட்களில், குடித்துக் கிடந்தவரும் வேலையின்றித் திரிந்தவரும் வீதியில் நின்ற பெண்களும் பெரும்பாலும் விடுவிக்கப்பட்டனர். ஒரே குற்றத்தைச் செய்த செல்வர் இம்மன்றத்துக்கு ஒருபோதும் கொண்டுவரப்படாதபோது, பணமில்லாதவரை மட்டும் தண்டிப்பது நீதியாகாது என்பது அவர் துணிபு. கைத்துப்பாக்கியுடன் பிடிபட்ட ஒருவனைச் சிறைக்கு அனுப்பாது, அத்துப்பாக்கியைச் சம்மட்டியால் உடைக்கும்படி தீர்ப்பளித்தார் என்றும் சொல்லப்படுகின்றது. இச்செய்கைகளாற் குற்றம் பெருகும் என்று பலர் அஞ்சினர், ஊர் நகைத்தது, சட்டசபை அவ்வதிகாரத்தை நகரபிதாவிடமிருந்து பறித்தது. மன்றத்தில் அவர் காட்டிய இரக்கத்தை மெச்சும் யாமும், நீதவான் ஆசனம் சட்டத்தை மாற்றுவதற்குரிய இடமன்று என்றே கருதுகின்றோம். ஆனால் அச்சட்டத்தை மாற்றுவதற்குரிய இடங்களனைத்திலும் அவருக்கு எதிரானோரே அமர்ந்திருந்தனர் என்பதும் உண்மை.

அடுத்து அவர்கள் பொலிஸ் படையையே அவர் கையிலிருந்து எடுக்க முயன்றனர். ரொலீடோவின் பொலிஸை ஆளுநர் நியமிக்கும் ஆணையாளர் குழுவின்கீழ் வைப்பதற்கு மாநிலச் சட்டசபை ஒரு சட்டஞ் செய்தது. ஆளுநரோ நாஷ். புதிய ஆணையாளர் வந்தபோது ஜோன்ஸ் படையை ஒப்படைக்க மறுத்தார். வழக்கு மாநிலத்தின் உயர்நீதிமன்றம் சென்றது. அவர் பக்கம் வாதாடியவர் பிராண்ட் விற்லொக் என்னும் இளம் நியாயவாதி; எழுத்தாளருமாவார்.

வழக்கின் உட்பொருள் அறியத்தக்கது. தனியொரு நகரத்துக்கென்று சட்டசபை சட்டஞ் செய்யலாகாது என்பது ஒகையோவின் அரசியலமைப்பு. சட்டசபையார் இதனை ஒரு தந்திரத்தால் தாண்டிவந்தனர். நகரங்களைச் சனத்தொகைப்படி வகுப்புக்களாகப் பிரித்து, ஒரு வகுப்பில் ஒரு நகரமே அடங்கும்படி எல்லைகளை அமைப்பர். பின் அவ்வகுப்புக்கு என்று சட்டஞ் செய்வர். பெயரளவில் அது பொதுச்சட்டம். உண்மையில் ஒரு நகரத்தின் கழுத்திலிட்ட கயிறு. 1902இல் உயர்நீதிமன்றம் இத்தந்திரத்தை ஏற்க மறுத்து, ரொலீடோப் பொலிஸ் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கிளீவ்லாந்து நகரத்தைப்பற்றிய வழக்கொன்றிலும் அப்போதே அவ்வாறு தீர்ந்தது. இத்தீர்ப்புக்களால் ஒகையோவின் நகரங்கள் யாவும் நடைபெற்றுவந்த சட்டங்களே ஆட்டங்கண்டன; சட்டசபை கூடி, எல்லா நகரங்களுக்கும் பொதுவான புதிய நகரச் சட்டத்தை இயற்ற நேர்ந்தது. கட்சியற்ற ஒருவர் தம் பொலிஸ் நிலையத்தின் திறப்பைக் கொடுக்க மறுத்ததனால் விளைந்தது இது.

1901இலும் 1903இலும் மக்கள் அவரையே மீண்டுந் தெரிந்தனர். இறுதித் தேர்தலில் ஊர்ப் பத்திரிகைகள் அவர் பெயரை அச்சிடவே மறுத்தனவென்பர். அவர் பழைய வெண்குதிரை பூட்டிய வண்டியில் மூலைக்கு மூலை சென்றார். மகன் சாக்சபோன் ஊதிக் கூட்டஞ் சேர்க்க, வண்டியிலிருந்தபடியே பேசினார். பெயர் அச்சில் வராதவர் வாக்குப்பெட்டியில் வந்தார்.

எனினும் நகரசபையிலே பெரும்பான்மை ஒருநாளும் அவருக்கு இருந்ததில்லை. மாணவனின் வினாவுக்கு உண்மையான இடம் இதுவே. கட்சி தீது என்று கொண்ட ஜோன்ஸ், தம் பெயரால் ஓர் அணி அமைக்கவும் உடன்படவில்லை. சபை உறுப்பினர் இடங்களுக்குத் தம்மவரை நிறுத்தவில்லை. அதனால் அவர் முன்வைத்த பெருந்திட்டங்களில் நகரத்துக்குச் சொந்தமான மின்நிலையமும் டிராம் வண்டியும் ஏட்டளவில் நின்றுவிட்டன. அவர் கையில் எஞ்சியது, சபை நிறைவேற்றியதைத் தடுத்துத் திருப்பும் மறுப்புரிமை ஒன்றே. கட்டுவதற்கு ஆளில்லாதபோது காப்பதற்கு அவர் அதனைப் பயன்படுத்தினார். வண்டிக் கம்பனியின் உரிமையை மேலும் இருபத்தைந்து ஆண்டுக்கு நீட்டச் சபை முனைந்தபோது ஜோன்ஸ் மறுத்துத் திருப்பினார். அம்மறுப்பை மேவிச் சபை மீண்டும் நிறைவேற்றலாம் என்றிருந்தது. ஆனால் குடிமக்கள் திரண்டுவந்து சபாமண்டபத்தை நிறைத்தனர். உறுப்பினர் அக்கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபின் துணியவில்லை. அணியமைக்க மறுத்தமை அவர் குறையே என்பது எமது எண்ணம். ஆயினும் அணித்தலைவராக நின்றிருப்பின் அக்கூட்டம் அவருக்காக வந்திருக்குமோ என்று கேட்பார்க்கு எம்மிடம் எளிதான விடை இல்லை.

நெடுநாள் ஆஸ்துமா நோயால் வருந்திய ஜோன்ஸ், 1904ஆம் ஆண்டு ஆடி மாதம் 12ஆந் திகதி காலமானார். ஐம்பத்தெட்டு நிறைய ஒரு மாதமும் செல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் அவருடலைக் காண வரிசையில் நின்றனர். வணிகரும் தொழிலாளரும் நிற்க, அவர் மன்றத்தில் விடுவித்தவரும் அவ்வரிசையில் நின்றனர். அவர் இறந்த செய்தி பரவியதும் வண்டிக் கம்பனியின் பங்கு விலை உயர்ந்ததென்று விற்லொக் தம் நூலிற் குறித்துள்ளார். மலர்வளையங்களைவிட இதனையே யாம் பெரிய அஞ்சலியாகக் கருதுவோம்.

1905இல் அந்த விற்லொக் சுயேச்சையாளராக நின்று நகரபிதாவானார். தம் ஆசான் செய்யாததை அவர் செய்தார். சபை இடங்களுக்கும் சுயேச்சையாளர் நிறுத்தப்பட்டனர். நான்கு முறை தொடர்ந்து தெரியப்பட்டு 1913வரை அப்பதவியில் இருந்தார். 1912இல் ஒகையோ மக்கள் தம் அரசியலமைப்பைத் திருத்த வாக்களித்தபோது, நகரங்கள் தத்தம் ஆட்சியமைப்பைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையும் அத்திருத்தங்களுள் ஒன்றாக நிறைவேறியது. ஜோன்ஸ் அதனை முதன்முதல் ரொலீடோச் சபையிற் கேட்டபோது அதற்குச் செவிசாய்த்தார் எவருமிலர்.